கதவு திறந்திருந்தால் மட்டும்

கோயம்புத்தூர் கம்பெனி அவனுக்கு அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டில் ‘எஸ். கண்ணு, சர்வீஸ் இன்ஜினியர்’ என்று இருந்தது. சுடலைக்கண்ணு என்ற முழுப்பெயர் வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் என்று மேனேஜர் கருதினார். ஆகவே திருநெல்வேலி வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் அவனை ‘வாங்க கண்ணு’ என்று கொஞ்சும் குரலில் வரவேற்றார்கள். மெஷின் ஓடாவிட்டால் அந்தக் கொஞ்சல் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

பேட்டையில் அவன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சிப்பொழுது. தொழிற்பேட்டைக்குள் போகும் பாதையில் ஒரு மரம் இல்லை. அவனுடைய நிழலே வெயிலுக்குப் பயந்து காலுக்கடியில் ஒடுங்கியிருந்தது. பாதி ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. மீதிப் பாதி பூட்டவில்லை, அவ்வளவுதான். முள்வேலிக்குள் ஒரு மயில் நின்று அவனையே பார்த்தது. கத்தவில்லை.

உச்சிப்பொழுதில் தனியாக நடக்கக்கூடாது என்று அவன் வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீடு. பெரியப்பா கோமரத்தாடி, கோயில் கொடை நடக்கும்போதெல்லாம் சுடலைமாடன் அவர் மேல் இறங்கி, ஊரை ஒரு பாட்டம் ஏசிவிட்டுப் போவார். கண்ணு பி.இ. மெக்கானிக்கல். பேய்களுக்கும் அவனுக்கும் நடுவே எட்டு செமஸ்டர்கள் இருந்தன. அவற்றில் சில அரியர்களும் இருந்தன என்பது வேறு விஷயம்.

குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் ஷெட் கடைசியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. தகரக் கூரை வெயிலில் விரிந்து ‘டப்’ ‘டப்’ என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. இரும்புத்தூள், நாள்பட்ட கூலண்ட் தண்ணீரின் புளித்த வாடை. அதற்கும் அடியில் மெல்லியதாக இன்னொரு வாசம்.

கோடாலித் தைலம்.

யாருக்கோ தலைவலி என்று நினைத்துக்கொண்டான்.

“வாங்க கண்ணு. மோர் குடிக்கியளா?” அண்ணாச்சி எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கண்ணில் தூக்கமில்லை.

“முதல்ல மெஷினப் பாத்துருவோம் அண்ணாச்சி.”

“பாருங்க. அது நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு” என்றார். அதற்கு அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூலையில் நின்றது அது. ஒரு சின்ன வேன் அளவு உயரம், மஞ்சள் கண்ணாடி பதித்த இழுவைக் கதவு. உள்ளே ஸ்பிண்டில், இரும்புத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் அச்சு. அதன் முகத்தில் தட்டு போன்ற சக், மூன்று தாடைகளை விரித்துக்கொண்டு. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் செய்கிற மெஷின்.

“நிமிசத்துக்குத் தொள்ளாயிரம் சுத்துன்னு சொன்னா சுத்துது. திடீர்னு ஐநூறுக்கு இறங்குது. பொறவு அதுவே ஏறுது. கிறுக்குப் பிடிச்ச மாடு மாதிரி இழுக்கு. ஷாஃப்டெல்லாம் வரி விழுந்து, வாங்குறவன் திருப்பி அனுப்பிட்டான். சாயங்காலம் வண்டி வருது. இந்தத் தடவையும் சொதப்புனா ஆர்டர் போச்சு.”

மெஷினுக்குப் பின்னாலிருந்து எண்ணெய்க் கையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே! நீங்களா?”

ஸ்வீட்லின். அவன் படித்த அதே காலேஜ், இரண்டு வருஷம் ஜூனியர். உவரிக்காரி. வொர்க்‌ஷாப் வகுப்பில் பையன்கள் வேடிக்கை பார்க்க இவள் மட்டும் அரத்தைக் கையில் எடுத்தவள்.

“நீங்க பெங்களூருல சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கதால்லா ஜூனியர் பூராம் சொல்லிக்கிட்டிருந்தோம்?”

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றான் கண்ணு.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஷெட்டுக்குள் அன்று கேட்ட ஒரே சிரிப்பு அது.

கண்ணு பையைத் திறந்தான். ஸ்பிண்டில் வேகம் நிலையாக நிற்காததற்குக் காரணங்கள் உண்டு. பேய்களைப் போல அல்லாமல், அவற்றுக்கு ஒரு வரிசையும் உண்டு. மோட்டார் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான்; விறைப்பாக இருந்தது. வேகத்தை அளந்து சொல்லும் என்கோடரைக் கழற்றி, பூஜை விளக்கைத் துடைக்கிற பக்தியோடு துடைத்து மாட்டினான். அதன் வயரில் வெட்டோ உரசலோ இல்லை. மோட்டாரை ஓட்டும் டிரைவுக்குப் போகிற மின்னழுத்தத்தில் மீட்டரை வைத்தான், முள் ஏற்ற இறக்கமில்லாமல் நின்றது. எர்த் கம்பி கூட உண்மையாகவே மண்ணுக்குள் போயிருந்தது. இந்த ஊர்ப் பட்டறைகளில் அது அபூர்வம்.

ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தி ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தொள்ளாயிரம். மாறாமல் நின்றது.

“அண்ணாச்சி, மெஷின் நல்லா இருக்கே.”

“உங்களைக் கண்டா நடிக்கும். பிள்ள, நீ வேலையப் போடு.”

ஸ்வீட்லின் ஒரு ஷாஃப்டை சக்கில் மாட்டினாள். கடைசல் முடிந்ததும் கதவை இழுத்துத் திறந்தாள். ஸ்பிண்டில் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டேயிருந்தது. அவள் உப்புத்தாள் போல் சொரசொரப்பான எமரித் துணியில் ஒரு பட்டையைக் கிழித்து, சுழலும் ஷாஃப்டின் மேல் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல. சரக்கு வாங்க வருகிறவர் அளவைப் பார்ப்பதில்லை; கட்டைவிரலால் தடவி, முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். அந்தப் பளபளப்புக்காக.

கதவைத் திறந்தால் ஸ்பிண்டில் தானாக நின்றுவிட வேண்டும். அதற்கென்று கதவில் ஒரு ஸ்விட்ச் உண்டு.

கண்ணு கேட்க வாயெடுத்தான்.

அப்போது வேகம் இறங்கியது.

எண்ணூறு. அறுநூற்றைம்பது. ஐநூறு.

சக் முனகியது. மங்கலான வட்டமாகத் தெரிந்த தாடைகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரியத் தொடங்கின. டிஸ்ப்ளேயில் லோட் மீட்டர் ஏறியது. மோட்டார் எதையோ எதிர்த்துத் திணறுகிறது என்று அதற்கு அர்த்தம். ஸ்வீட்லின் எமரியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். இப்போது சக்கை எதுவும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

மீட்டர் இன்னும் ஏறியது.

கோடாலித் தைலம் நாசியில் குத்தியது.

அவள் மெல்லக் கதவைச் சாத்தினாள். தொள்ளாயிரம்.

கண்ணுவுக்கு முதுகில் வேர்வை ஓடியது. தகரக் கூரையின் கீழ் வேர்ப்பது இயல்பு என்று ஒரு பொறியாளராகத் தீர்மானித்து, கதவின் மேல் விளிம்பில் கைவிட்டுத் தடவினான். விரலில் பிசுபிசுவென்று கறுப்பு டேப் அகப்பட்டது. உரித்தான். கதவோடு நகர வேண்டிய இரும்பு நாக்கைக் கழற்றி, ஸ்விட்சின் வாய்க்குள்ளேயே நிரந்தரமாகச் செருகி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். மெஷினைப் பொறுத்தவரை அந்தக் கதவு எப்போதும் சாத்தியேதான் இருந்தது.

“அத ஒட்டிருங்க கண்ணு” என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து.

“இது ஆபத்து அண்ணாச்சி.”

“தெரியும்.” குரல் தணிந்துவிட்டது. “நிறுத்தி, திறந்து, தேச்சி, சாத்தி, மறுபடி ஓட்டுனா ஒரு நாளைக்குப் பாதி ஷாஃப்டுதான் எடுக்க முடியும். பக்கத்து ஷெட்டுல எவன் வே கதவச் சாத்தி ஓட்டுதான்? நான் மட்டும் யோக்கியனா இருந்து இந்த ஷெட்டப் பூட்டவா?”

கண்ணு வெளியே போய் மேனேஜரைப் போனில் பிடித்தான். அவர் முழுவதும் கேட்டார்.

“கம்ப்ளெயிண்ட் ஸ்பீடா, கதவா?”

“ஸ்பீடு சார்.”

“அப்ப ஸ்பீடப் பாரு.”

உள்ளே வந்தான். டேப்பை எடுத்த இடத்திலேயே ஒட்டினான். எண்ணெய்ப் பிசுக்கில் அது நிற்கவில்லை. தன் பையிலிருந்து புது டேப்பை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினான். வேலையென்று வந்துவிட்டால் அவன் சுத்தம்.

ஸ்வீட்லின் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பினார். மற்றவர்கள் தூக்குவாளிகளோடு பின்பக்கம் போனார்கள். ஸ்வீட்லின் மட்டும் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

“மஸ்கோத்து அல்வாண்ணே. அம்மா முதலூர் போயிட்டு வந்தாவ. தேங்காப்பால்ல கிண்டுனது. சாப்பிடுங்க.” பிறகு மெஷினைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஞானையா அண்ணாச்சி இதக் கண்டா விடமாட்டாவ.”

“யாரு ஞானையா?”

“எனக்கு முன்னால இந்த மெஷின்ல இருந்தாவ. எனக்கு வேல பழக்குனதே அவங்கதான். எப்பவும் தலைவலிம்பாவ, நெத்தியில தைலம் வச்சிக்கிட்டே இருப்பாவ.” நிறுத்தினாள். “போன கார்த்திகையில, எமரி தேய்க்கும்போது சட்டைக் கை சுத்திட்டு. இங்கனதான்.”

கண்ணு அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அதன் பிறகு கொஞ்ச நாள் கதவைச் சாத்தியே ஓட்டினார்களாம். அப்புறம் ஆர்டர் வந்தது. டேப்பும் வந்தது. அன்றிலிருந்துதான் வேகம் இறங்குகிறது. ஞானையா வேதக்காரர் என்பதால் அண்ணாச்சி முதலில் உபதேசியாரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணினார். இது எந்தத் தரப்பின் பொறுப்பில் வரும் என்று உறுதியாகத் தெரியாததால், மறுநாள் பூசணிக்காயும் உடைத்தார்.

“ஒண்ணு கேக்கட்டாண்ணே?” அவள் கிசுகிசுத்தாள். “ஸ்பீட அப்படியே விட்டுற முடியாதா? ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிட்டுப் போயிருங்க.”

“ஏன்?”

“அது குறையும்போது எனக்குப் பயமாவே இல்ல. யாரோ பக்கத்துல நிக்காவன்னு இருக்கு.”

“ஸ்வீட்லின், நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?”

“நீங்க படிச்ச காலேஜ்தான்.”

“அதான் இப்படி” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

ஷெட்டில் அவன் மட்டும்.

கூரை சொடுக்குவது நின்றிருந்தது. வெளியே காக்கைச் சத்தம்கூட இல்லை. கதவு இடுக்கு வழியாக விழுந்த வெயில் தரையில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் மங்கல். கண்ணு மெஷின் கதவை முழுக்கத் திறந்துவைத்து, வெறும் சக்கை ஓடவிட்டான். ஷாஃப்ட் இல்லை. எமரி இல்லை. எதுவும் இல்லை.

தொள்ளாயிரம்.

கொஞ்சம் முன்னால் போனான். கையை நீட்டினான். தொட அல்ல. சும்மா.

வேகம் இறங்கியது.

கையை இழுத்தான். ஏறியது.

மறுபடி நீட்டினான்.

இறங்கியது. இந்தத் தடவை நிற்கிற அளவுக்கு, மோட்டார் உறுமுகிற அளவுக்கு. சக்கின் எண்ணெய்ப் பூச்சில் நான்கு கோடுகள் தெரிந்தன. நான்கு விரல் அகலம். அவற்றுக்குக் கீழே தனியாக ஒன்று.

சக் சுற்றியது. தாடைகள் போய்ப் போய் வந்தன.

கோடுகள் சுற்றவில்லை.

மேல் விளிம்பில் அதே இடத்தில் நின்றன. அடியில் இரும்பு வழுக்கிக்கொண்டு போக, மேலே அழுத்திப் பிடித்தபடி.

எட்டு செமஸ்டரும் காலடியில் உருவிக்கொண்டு போயின. ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் நல்லது. ஆனால் சாயங்காலம் வண்டி வரும். மேனேஜர் போன் பண்ணுவார். ‘ஒரு செத்தவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் சார்’ என்பதற்குக் கம்பெனியில் அலாரம் நம்பர் கிடையாது. அதோடு, இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அகாலத்தில் போனவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். பணிந்து கேட்க வேண்டும். கேட்பது நியாயமாக இருந்தால் விட்டுக்கொடுப்பார்கள்.

பொட்டலத்தைப் பிரித்து, அல்வாவை மெஷினின் ஓரத் தட்டில் வைத்தான். ஸ்வீட்லின் தந்த அல்வாவை.

“அண்ணாச்சி...” குரல் பெரியப்பா முன்னால் நிற்கும் ஊர்க்காரர்களின் குரலாக இருந்தது. “போதும். விட்டிருங்க.”

முனகல் மாறவில்லை. கோடுகள் அசையவில்லை.

“அந்தப் பிள்ளைக்காகத்தான் பிடிக்கிய. எனக்குத் தெரியுது.”

தைலத்தின் வாசம் மிக அருகில் வந்தது. அவன் கன்னத்தருகே யாரோ காதைக் கொடுத்துக் கேட்பதுபோல.

அப்போதுதான் அதைச் சொன்னான்.

“கதவ நான் சரி பண்ணிட்டேன். இனி திறந்தா அதுவே நின்னுரும். நீங்க நிம்மதியாப் போங்க.”

ஒரு மூச்சு நேரம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுண்டுவிரல் முதலில். வலிக்கும் கையைப் பைய எடுப்பதுபோல.

தொள்ளாயிரம்.

தைல வாசம் இல்லை. வெறும் கூலண்ட் நாற்றம். கூரை மறுபடி ‘டப்’ என்றது.

கண்ணு தன் கையை உள்ளே நீட்டிப் பார்த்தான். தொள்ளாயிரம். இன்னும் நீட்டினான். தொள்ளாயிரம், சுவரில் எழுதி வைத்ததுபோல. அவர் நம்பிவிட்டார். உயிரோடிருக்கிற எந்த வாடிக்கையாளரும் இதுவரை அவனை இவ்வளவு லேசாக நம்பியதில்லை.

டேப்பை எடுத்துவிட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடும். அது அவனுக்குத் தோன்றாமல் இல்லை. கையைக்கூடத் தூக்கினான். வாசலில் அண்ணாச்சியின் பைக் சத்தம் கேட்டது. தூக்கிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“என்ன கண்ணு, ஆச்சா?”

“ஆச்சு அண்ணாச்சி. என்கோடர்ல தூசி.”

அண்ணாச்சி அவன் தோளைத் தட்டினார். டீ வந்தது. ஸ்வீட்லின் கைகழுவிவிட்டு வந்தாள். முதல் ஷாஃப்டைக் கடைந்து, கதவைத் திறந்து, எமரிப் பட்டையைக் கையில் எடுத்தாள். டிஸ்ப்ளேயைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்ன செஞ்சிய அண்ணே?”

“சொன்னேன்லா. தூசி.”

“தூசியா?”

கண்ணு ஸ்பேனர்களைப் பையில் அடுக்கினான். ஒரே ஸ்பேனரை இரண்டு தடவை அடுக்கினான்.

அவள் மெஷினுக்குள் லேசாகக் குனிந்து, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பதுபோல, “அண்ணாச்சி?” என்றாள்.

தொள்ளாயிரம்.

“ஏ பிள்ள, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க? வண்டி வந்துரும்” என்றார் குற்றாலலிங்கம்.

அவள் எமரியை ஷாஃப்டின் மேல் போட்டாள்.

முதல் ஷாஃப்ட் முடிந்தது. முகம் தெரிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கண்ணு டீயைக் குடித்தான். சொல்லிவிடலாம் என்று நினைத்தான். டம்ளரைக் கீழே வைத்ததும் சொல்லிவிடலாம் என்று.

டம்ளர் கையிலேயே இருந்தது.

துணி கிழிகிற சத்தம்.

பிறகு அவள் குரல். சொல் இல்லாத குரல்.

கண்ணு ஓடினான். சிவப்பு பட்டனுக்கு இன்னும் இரண்டடி இருந்தது. அதற்குள் மெஷின் அலறி நின்றது. அவன் கை பட்டனைத் தொடவில்லை. யாருடைய கையும் தொடவில்லை. டிஸ்ப்ளேயில் சிவப்பு எழுத்தில் ஓவர்லோட் அலாரம்: ஸ்பிண்டிலை ஏதோ ஒன்று முழு பலத்தோடு பிடித்து நிறுத்தியிருக்கிறது.

சக்கின் மேல் விளிம்பில் நான்கு கோடுகள். அவற்றின் மேல் வழிந்துகொண்டிருந்தது எண்ணெய் அல்ல.

ஓரத் தட்டில் அல்வா அப்படியே இருந்தது. ஈகூட மொய்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கண்ணு உடனே போகவில்லை. போகாததற்கு அவனிடம் காரணங்கள் இருந்தன. அவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. கடைசியில் குற்றாலலிங்கம் அண்ணாச்சியே போன் பண்ணிக் கூப்பிட்டார். பெண்கள் வார்டு வாசலில், ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தார். சின்னவராகிப் போயிருந்தார்.

“தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வாராவ கண்ணு. அந்த டேப்ப...” சுற்றும்முற்றும் பார்த்தார். “அந்தப் பிள்ளையே ஒட்டிக்கிட்டுன்னு சொல்லப் போறேன். வேல சீக்கிரம் முடிய. நீங்க வந்தப்ப எல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு, கேட்டியளா? ஏற்கெனவே ஒரு சாவு. இதுவும் எம்மேல விழுந்தா ஷெட்டுக்குச் சீல் வச்சிருவான். பத்துக் குடும்பம் வே.”

“அவளுக்கு ஒண்ணும் கிடைக்காதே அண்ணாச்சி. நஷ்டஈடு...”

“நான் பாத்துக்கிடுதேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று இருவருக்கும் தெரியும்.

உள்ளே பகல் வெளிச்சம், பினாயில் வாடை. ஸ்வீட்லின் ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. கட்டு முடிகிற இடம் ஒரு கை முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே இருந்தது. அவளுடைய அம்மா விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தும், அந்த அம்மாவின் கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

“வாங்கண்ணே” என்றாள் ஸ்வீட்லின். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனால் நின்றிருக்க முடியும். “விரல்தான் போச்சி. கை முழுக்கப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாவ. கடைசில யாரோ என் மணிக்கட்டப் பிடிச்சாவ. அந்தப் பக்கம் இழுக்க, இந்தப் பக்கம் பிடிச்சாவ.”

“டிரைவ் டிரிப் ஆயிருக்கும்” என்றான் கண்ணு. சொன்ன பிறகு தன் குரலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அம்மாவிடம் திரும்பினார்.

“விதிம்மா. நம்ம ஷெட்டுல கதவு, லாக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பிள்ளதான் அவசரத்துல டேப்ப ஒட்டிட்டு. சாரே பாத்திருக்காவ. என்ன சார்?”

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் அவனைச் சார் என்றார்.

ஸ்வீட்லின் அவனைப் பார்த்தாள். அவன் புது டேப்பைச் சுற்றி அழுத்தியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள்.

“ஆமா” என்றான் கண்ணு.

மின்விசிறி முனகியது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். வார்டில் மற்ற விசிறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் கட்டிலுக்கு மேலே இருந்தது மட்டும் இறங்கியது. இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. காற்று குறையக் குறைய அந்த இடத்தில் ஒரு வாசம் நிரம்பியது. ஆஸ்பத்திரியில் யார் வேண்டுமானாலும் பூசியிருக்கலாம்.

அம்மாவின் விசிறி நின்றுவிட்டது. அண்ணாச்சியின் உதடு எதையோ ஜெபித்தது; எந்தச் சாமிக்கு என்று தெரியவில்லை.

“இல்ல” என்றான் கண்ணு.

“கண்ணு...”

“இல்ல அண்ணாச்சி. டேப் முதல்லயே இருந்துச்சு. நான் உரிச்சேன். நாந்தான் திரும்ப ஒட்டுனேன். என் டேப்பு.” அம்மாவைப் பார்க்க முடியாமல் கட்டிலின் காலைப் பார்த்துச் சொன்னான். “வேகம் இறங்குனது உங்க மகளக் காப்பாத்த. கதவச் சரி பண்ணிட்டேன்னு பொய் சொல்லி நாந்தான் ஞானையா அண்ணாச்சிய அனுப்பிவச்சேன். இன்ஸ்பெக்டர்ட்டயும் டேப்பப் பத்திச் சொல்லுவேன். மத்தத அவங்க எழுதிக்கிட மாட்டாவ.”

அண்ணாச்சி ஆரஞ்சுப் பையைக் கட்டிலின் மேல் வைத்தார். வெளியே நடந்தார். செருப்பை மாட்ட மறந்துவிட்டார்.

சொல்லிவிட்டான். மார்பில் இருந்த கல் இறங்கும் என்று காத்திருந்தான். மேலே பார்த்தான்.

விசிறி ஏறவில்லை.

முழுவதுமாக நின்றுவிட்டது.

வார்டு எலக்ட்ரீஷியன் வந்தார். ரெகுலேட்டரைத் திருகினார். கம்பால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார்; அது கால் சுற்று போய்த் திரும்பி வந்து நின்றது. “கெப்பாசிட்டர் போயிருக்கும்” என்று மாற்றினார். மாற்றிய பிறகும் அசையாமல் நின்றது. மோட்டாரின் அடிவயிற்றில் மட்டும், எதையோ எதிர்த்துத் திணறுகிற சத்தம். கண்ணுவுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

“மோட்டார்ல ஒண்ணும் இல்லியே சார். யாரோ பிடிச்சிக்கிட்டிருக்க மாதிரில்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு, அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்வீட்லினின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. அவள் விசிறியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, கட்டிலின் அந்தப் பக்கம், யாரும் இல்லாத இடத்தை. அப்புறம்தான் கண்ணுவை. அவன் இப்போது கட்டிலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறான் என்பதை.

“உண்மையச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணே” என்றாள் மெதுவாக. “ஆனா அவங்களுக்கு இன்னும் உங்கமேல நம்பிக்க வரல போல. வேர்க்கு. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

கண்ணு பின்னால் நடந்தான். வாசலைத் தாண்டியதும் உள்ளே விசிறி சுற்ற ஆரம்பித்தது.

ஒரு காலை மட்டும் உள்ளே எடுத்து வைத்தான்.

இறங்கியது.